இணைய வணிகத்தில் நம்பிக்கையும் நெட்வொர்க் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் பொருளோ சேவையோ விற்பவர்களும் விற்கத் தொடங்க இருப்பவர்களும் பாதுகாப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. நேரில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்கிறார், விற்பவரின் முகத்தைப் பார்க்கிறார், பணம் கொடுத்த கையோடு பொருளைப் பெற்றுக்கொள்கிறார். இணையத்தில் வாங்குபவருக்கு இந்த மூன்றுமே இல்லை. பெயர், முகவரி, கைபேசி எண், கார்டு எண் எல்லாவற்றையும் முதலில் கொடுத்துவிட்டு அவர் காத்திருக்கிறார். கொடுத்தவற்றை நாம் எப்படிக் காக்கிறோம் என்பது அவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே இந்தப் பதில்களில் பெரும்பாலானவை வாடிக்கையாளரால் பார்க்க முடியாத இடங்களைப் பற்றியவை.

எங்களுடையது சிறிய நிறுவனம். எங்களை யார் தாக்கப் போகிறார்கள்?

பெரும்பாலான தாக்குதல்களில் உங்களை யாரும் தேர்ந்தெடுப்பதே இல்லை. இணைய முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்டேட் செய்யப்படாத ஒரு பிளக்-இன் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் சிறு நிரல்), வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லே இன்னும் மாறாத ஒரு ரவுட்டர், வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய ஒரு டேட்டாபேஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அகப்பட்டால் அந்த நிரலுக்கு அதுவே போதும். அது யாருடைய நிறுவனம், அதில் எவ்வளவு விற்பனை நடக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

சிறிய நிறுவனம் பெரிய நிறுவனத்துக்குள் நுழையும் வாசலாகவும் பயன்படுகிறது. 2013 இறுதியில் அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட்டில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, திருடர்கள் உள்ளே நுழைந்தது குளிர்பதன வேலைகளைச் செய்து கொடுத்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு வழியாகத்தான். அந்தக் கணக்கிலிருந்து கடைகளின் பணப்பெட்டி இயந்திரங்கள் வரை அவர்களால் போக முடிந்தது என்பதே அந்தச் சம்பவத்தின் மையம். வெளியாருக்குத் தரும் அனுமதி அவர்களுடைய வேலைக்கு வேண்டிய பகுதியோடு நின்றுவிட வேண்டும்.

எங்கள் தளத்தில் எச்டிடிபிஎஸ் (https) இருக்கிறது. அது போதாதா?

அது அடிப்படைத் தேவை. ஆனால் அது சொல்வது மிகக் குறைவு. வாடிக்கையாளரின் பிரவுசருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாது என்பதையும், முகவரியில் தெரியும் டொமைனுக்குத்தான் இணைப்பு போயிருக்கிறது என்பதையும் மட்டுமே அது உறுதிப்படுத்துகிறது. அந்த டொமைனை வைத்திருப்பவர் நாணயமானவரா, சர்வருக்குப் போய்ச் சேர்ந்த தகவல் அங்கே பத்திரமாக இருக்கிறதா என்பவற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. போலித் தளங்களும் இன்று இந்த இணைப்புக்கு வேண்டிய முறையான சான்றிதழோடுதான் (டொமைனை உறுதிசெய்யும் மின்னணுச் சான்று) வருகின்றன. பூட்டுச் சின்னத்தைப் பார்த்ததும் தளமே நம்பகமானது என்று மக்கள் எடுத்துக்கொண்டதால்தான், 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசர் அந்தச் சின்னத்தை முகவரிப் பட்டியிலிருந்து நீக்கி வேறொரு சின்னத்தை வைத்தது.

இருப்பதைச் சரியாக வைத்திருப்பதிலும் கவனம் வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் குறியாக்கத்தைச் செய்யும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகள் 2021இல் அதிகாரப்பூர்வமாகக் கைவிடப்பட்டன, 1.2, 1.3 ஆகியவற்றை மட்டும் அனுமதியுங்கள். சான்றிதழைக் கையால் புதுப்பிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 398 நாள்களாக இருந்த சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் முதல் 200 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள் என்று குறைக்கப்படும் என்பது முடிவு செய்யப்பட்ட ஒன்று. இனி காலண்டரில் குறித்துவைத்து யாரோ ஒருவர் நினைவாகச் செய்யும் வேலையாக அது இருக்க முடியாது.

கட்டணத்தைக் கட்டணச் சேவை நிறுவனமே வாங்கிக்கொள்கிறது. கார்டு பாதுகாப்பு எங்கள் பொறுப்பில் வருமா?

வரும். எவ்வளவு வரும் என்பது உங்கள் கட்டணப் பக்கம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கார்டு எண்ணைத் தட்டச்சு செய்யும் பக்கமே உங்கள் தளத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் (பிரவுசரில் ஓடும் சிறு நிரல்) அந்த எண்ணைப் படிக்க முடியும். அரட்டைப் பெட்டி, விளம்பரக் கண்காணிப்பு, பார்வையாளர் கணக்கெடுப்பு என்று நாம் யோசிக்காமல் சேர்த்த எல்லாமே அதில் அடக்கம்.

2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. அந்நிறுவனத்துக்குச் சேவை வழங்கிய ஒரு வெளி நிறுவனத்தின் பயனர் கணக்கு திருடர்களின் கைக்குப் போனது; அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. அங்கிருந்து உள்ளே நகர்ந்தவர்கள், தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் கடைசியில் 22 வரிகளைச் சேர்த்தார்கள். வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும்போது, படிவத்தில் உள்ளவை வழக்கம்போல நிறுவனத்துக்கும் போயின. ஒரு பிரதி, நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு முகவரிக்கும் போனது. டிக்கெட் சரியாகப் பதிவானது, உறுதி மின்னஞ்சல் வந்தது, பூட்டுச் சின்னம் முழு நேரமும் இருந்தது. திருடர்களின் சர்வருக்கும் முறையான சான்றிதழ் இருந்தது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை இது நீடித்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்கள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. கட்டணப் பக்கத்தில் தேவையற்ற ஸ்கிரிப்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மிஞ்சியவற்றுக்கு ஒரு பட்டியலும், ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வரிக் காரணமும், அவற்றில் மாற்றம் நேர்ந்தால் எச்சரிக்கும் ஏற்பாடும் வேண்டும். கார்டு துறையின் பொதுத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் நான்காம் பதிப்பு இதையே விதியாக்கி, 2025 மார்ச் 31க்குப் பிறகு கட்டாயமாக்கியது. பக்கம் எந்தெந்த முகவரிகளோடு பேசலாம் என்று பிரவுசருக்குக் கட்டளையிடும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையைச் சரியாக அமைத்திருந்தால், இத்தகைய நிரல் திருடியதை வெளியே அனுப்புவது மிகக் கடினமாகிவிடும். சிவிவி எண்ணைப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு எந்த வடிவத்திலும் சேமிக்கக் கூடாது. குறியாக்கம் செய்துதான் வைக்கிறோம் என்ற சமாதானம் அந்தத் தரநிலையில் செல்லாது.

வசதி இருந்தால், வாடிக்கையாளரைக் கட்டணச் சேவை நிறுவனத்தின் பக்கத்துக்கே முழுமையாக அனுப்பிவிடுவதுதான் சிறிய நிறுவனத்துக்கு நல்லது என்பது என் கருத்து. தோற்றம் சற்று மாறினாலும், சுமக்க வேண்டிய அபாயம் பெருமளவு குறைகிறது.

ஃபயர்வால் (அனுமதியற்ற இணைப்புகளைத் தடுக்கும் அமைப்பு) போட்டிருக்கிறோம். பிறகும் தகவல் எப்படிக் கசியும்?

முன்வாசல் வழியாகவே கசியும். ஒரு வாடிக்கையாளர் உள்நுழைந்து தன் ரசீதைத் திறக்கிறார். முகவரிப் பட்டியின் முடிவில் 10452 என்ற ஆர்டர் எண் தெரிகிறது. அதை 10453 என்று மாற்றி என்டர் தட்டினால், முன்பின் அறியாத இன்னொருவரின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், அவர் வாங்கிய பொருள் எல்லாம் திரையில் வந்து நிற்கின்றன. இதில் எந்த வைரஸும் இல்லை, எந்தக் கடவுச்சொல்லும் உடைக்கப்படவில்லை. ஃபயர்வாலின் கண்ணுக்கு இது முற்றிலும் முறையான கோரிக்கை. உள்நுழைந்திருக்கிறாரா என்று மட்டும் சரிபார்த்த நிரல், இந்த ஆர்டர் இவருடையதுதானா என்று சரிபார்க்கவில்லை. வலைச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பு, அணுகல் கட்டுப்பாட்டில் நேரும் இவ்வகைக் குறைகளையே 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது.

ஊகிக்க முடியாத நீண்ட எண்களைப் பயன்படுத்துவது உதவும். ஆனாலும் அது மாற்று வழி ஆகாது. ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையைச் சர்வரிலேயே சரிபார்க்க வேண்டும். செயலியை உருவாக்கித் தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

நெட்வொர்க்கை உள்ளுக்குள் எப்படி அமைக்க வேண்டும்?

டேட்டாபேஸ் இணையத்திலிருந்து நேரடியாக எட்டும் நிலையில் இருக்கக் கூடாது. வலை சர்வர் மட்டுமே அதனோடு பேச வேண்டும். நிர்வாகப் பக்கத்தை விபிஎன் (குறியாக்கம் செய்யப்பட்ட தனி இணைப்பு) வழியாகவோ குறிப்பிட்ட முகவரிகளிலிருந்தோ மட்டும் திறக்கும்படி வைக்கலாம். அலுவலகத்துக்கு வரும் விருந்தினரின் வைஃபை, ஊழியர்களின் கணினிகள், சர்வர்கள் ஆகிய மூன்றும் தனித்தனிப் பகுதிகளாக இருப்பது நல்லது. ஒரு கணினி பாதிக்கப்பட்டால் அது மற்றவற்றை எட்ட முடியாமல் இருப்பதுதான் நோக்கம்.

யார், எப்போது, என்ன செய்தார் என்று குறித்துவைக்கும் லாக் பதிவுகளை அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே வந்தவர் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.

வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களை எப்படி வைத்திருக்க வேண்டும்?

நீங்களே நினைத்தாலும் திரும்பப் படிக்க முடியாத வடிவத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் தனித்தனியான ஒரு தற்செயல் எழுத்துக் கோவையைச் சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2 போன்ற ஹாஷ் முறையில் மாற்றிச் சேமிப்பதே இன்றைய ஒழுங்கு. லிங்க்ட்இன் 2012இல் ஊடுருவப்பட்டபோது அதன் கடவுச்சொற்கள் வேகமான ஒரு ஹாஷ் முறையில், அந்தக் கூடுதல் கோவை இல்லாமல் இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை உடைப்பது எளிதாக இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே ஊடுருவலைச் சேர்ந்த 11.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்தன. ஒருமுறை வெளியேறிய கடவுச்சொல் அந்தத் தளத்தோடு நிற்பதில்லை. அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வேறு ஆயிரம் தளங்களில் நிரல் ஒன்று முயன்று பார்க்கும். உங்கள் தளத்தில் எந்தக் குறையும் இல்லாமலே உங்கள் வாடிக்கையாளரின் கணக்கு பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே, உள்நுழையும் முயற்சிகளுக்கு வரம்பு வையுங்கள், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களை ஏற்க மறுங்கள், நீளத்தை வலியுறுத்துங்கள். 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது, பெரிய எழுத்தும் சிறப்புக் குறியும் கட்டாயம் என்பது போன்ற விதிகளைத் தவிர்க்கும்படி அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017லேயே அறிவுறுத்தியது. அவ்விதிகள் மனிதர்களை ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை நோக்கியே தள்ளுகின்றன. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக, பயனரின் கருவியில் உள்ள ரகசியச் சாவியால் உள்நுழையும் முறை) வசதியைத் தர முடிந்தால் தாருங்கள். அது உண்மையான டொமைனில் மட்டுமே வேலை செய்வதால், போலித் தளத்தில் கொடுத்து ஏமாற வழியே இல்லை.

பாதுகாப்புப் படிகள் அதிகமானால் வாடிக்கையாளர் பாதியிலேயே போய்விட மாட்டாரா?

தவறான இடத்தில் வைத்தால் போய்விடுவார். பொருள்களைப் பார்ப்பதற்கே கணக்கு தொடங்கச் சொல்வதும், ஒவ்வொரு பக்கத்திலும் புதிர்ப் படங்களைக் காட்டுவதும் அவரை அலைக்கழிப்பதைத் தவிர எதையும் காப்பதில்லை. அதே வாடிக்கையாளர், தன் கணக்கில் டெலிவரி முகவரி மாற்றப்படும்போதோ, புதிய கருவியிலிருந்து பெரிய தொகைக்கு ஆர்டர் போகும்போதோ கூடுதலாக ஒரு சரிபார்ப்பு கேட்கப்படுவதை வரவேற்கவே செய்வார். என்ன ஆபத்து, எந்த இடத்தில் என்று யோசித்து, அந்த இடத்தில் மட்டும் தடையை வையுங்கள். ஏன் கேட்கிறோம் என்பதை ஒரு வரியில் அங்கேயே எழுதுங்கள்.

"100% பாதுகாப்பானது" என்ற முத்திரைகளைத் தளத்தில் போடலாமா?

வேண்டாம். அப்படி ஒரு நிலை எந்த நெட்வொர்க்குக்கும் இல்லை. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அந்த இடத்தில் எந்தத் தகவலை வாங்குகிறீர்கள், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யாரோடு பகிர்கிறீர்கள் என்பதைச் சட்ட மொழி இல்லாமல் எழுதுங்கள். எழுதும்போதே, பிறந்த தேதியை எதற்காகக் கேட்கிறோம் என்று உங்களுக்கே விடை தெரியாமல் போகலாம். அப்போது அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சேமிக்காத தகவலைத் திருட முடியாது.

எங்கள் பெயரில் போலி மின்னஞ்சல்கள் போகின்றன. என்ன செய்ய முடியும்?

எஸ்பிஎஃப் (SPF), டிகேஐஎம் (DKIM), டிமார்க் (DMARC) ஆகிய மூன்று அமைப்புகளை உங்கள் டொமைனுக்குச் செய்யுங்கள். முதலாவது, உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று அறிவிக்கிறது; இரண்டாவது, மின்னஞ்சலில் மின்கையொப்பம் இடுகிறது; மூன்றாவது, இவற்றில் தேறாத மின்னஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவரின் சேவைக்குச் சொல்கிறது. பலர் டிமார்க்கைக் கண்காணிப்பு நிலையில் வைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்து, முறையான மின்னஞ்சல்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியான பின் நிராகரிக்கும் நிலைக்கு மாற்றினால்தான் பயன் உண்டு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் இம்மூன்றையும் கேட்கின்றன. உங்கள் பெயரைப் போலவே தோன்றும் வேறு டொமைனிலிருந்து வரும் மோசடியை இவை தடுக்காது. அதற்கு, "நாங்கள் ஒருபோதும் ஓடிபி கேட்க மாட்டோம்" என்று எழுதிவிட்டு, உண்மையிலேயே எந்த ஊழியரும் எந்தச் சூழலிலும் அதைக் கேட்காமல் இருக்க வேண்டும்.

ஊடுருவல் நடந்துவிட்டால் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் நம்பிக்கை போய்விடாதா?

சொல்ல வேண்டும். பல நாடுகளில் இது சட்டக் கடமை. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டப்படி, தனிநபர் தகவல் கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் மறைப்பது பெரிய இழப்பையே தந்திருக்கிறது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார், தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கிவந்த நிறுவனம்; அதாவது நம்பிக்கையையே விற்றுவந்த நிறுவனம். 2011 ஜூலையில் ஊடுருவலைக் கண்டறிந்தும் அது வெளியே சொல்லவில்லை. ஆகஸ்ட் இறுதியில், கூகுளின் பெயரில் வழங்கப்பட்ட போலிச் சான்றிதழ் ஈரானியப் பயனர்களை வேவு பார்க்கப் பயன்பட்டது அம்பலமானது. பிரவுசர்கள் அதன் சான்றிதழ்களை ஏற்பதை நிறுத்தின. செப்டம்பரில் அது திவாலானது. ஊபர் நிறுவனம் 2016இல் நடந்த கசிவை, ஊடுருவியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஓராண்டு மறைத்தது. வெளியே வந்தபோது கசிவைவிட மறைப்பே பெரிய குற்றமாயிற்று, அப்போதைய பாதுகாப்புத் தலைமை அதிகாரி 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார்.

சொல்லும் விதமும் முக்கியம். 2017இல் கடன் மதிப்பீட்டு நிறுவனமான எக்விஃபேக்ஸில் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் கசிந்தன. மார்ச்சிலேயே வெளியான அப்டேட் ஒரு சர்வரில் போடப்படவில்லை. நெட்வொர்க் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியின் சான்றிதழ் பல மாதங்களாகக் காலாவதியாகிக் கிடந்ததால் திருட்டு யார் கண்ணிலும் படவில்லை. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து தெரிந்தது. பிறகு வாடிக்கையாளர்களுக்கு உதவ, தன் வழக்கமான முகவரியில் பக்கம் திறக்காமல் புதிதாக ஒரு டொமைனை வாங்கியது அந்நிறுவனம். உண்மை எது, போலி எது என்று மக்களுக்குத் தெரியவில்லை. எச்சரிக்கைக்காக ஓர் ஆய்வாளர் அமைத்திருந்த போலித் தளத்தின் முகவரியை நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே பகிர்ந்தது.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "மார்ச் 4 முதல் 9 வரை எங்கள் கட்டணப் பக்கத்தில் வெளியார் நுழைத்த நிரல் ஓடியிருக்கிறது. அந்த நாள்களில் நீங்கள் கார்டு மூலம் பணம் செலுத்தியிருக்கிறீர்கள். உங்கள் பெயரும் கார்டு விவரங்களும் வெளியே போயிருக்கக்கூடும், கடவுச்சொல் போகவில்லை. வங்கியை அழைத்து அந்தக் கார்டை முடக்கிப் புதியது பெறுங்கள். நிரலை 9ஆம் தேதி நீக்கிவிட்டோம். இது தொடர்பாக நாங்கள் உங்களை அழைத்து எந்த எண்ணும் கேட்க மாட்டோம்." "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மை நோக்கம்" என்ற தொடக்க வரிக்கு இதில் இடமில்லை, படிப்பவர் தேடுவது தன் கார்டு பாதிக்கப்பட்டதா என்பதை மட்டுமே.

வெளியார் ஒருவர் எங்கள் தளத்தில் ஓட்டை இருப்பதாக எழுதியிருக்கிறார். மிரட்டுகிறாரா?

மிரட்டலும் இருக்கலாம்; பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு சொல்பவராகவே இருப்பார். வழக்குப் போடுவேன் என்று பதில் எழுதினால், அடுத்த முறை குறையைக் காண்பவர் உங்களிடம் சொல்ல மாட்டார். நன்றி சொல்லி, சரிபார்த்து, திருத்தியதும் அவருக்குத் தெரிவியுங்கள். தகவல் சொல்ல வேண்டிய மின்னஞ்சல் முகவரியைத் தளத்தில் ஒரு நிலையான இடத்தில் வைப்பதற்கென்றே 2022இல் வரையறுக்கப்பட்ட செக்யூரிட்டி.டெக்ஸ்ட் (security.txt) என்ற எளிய உரைக்கோப்பு முறை இருக்கிறது. அமைக்கச் சில நிமிடங்கள் போதும்.

பேக்கப் எடுக்கிறோம். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) வந்தால் சமாளித்துவிடலாம் அல்லவா?

அந்தப் பேக்கப் அதே நெட்வொர்க்கில் இணைந்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். ஒரு பிரதியாவது தொடர்பில்லாத இடத்தில், மாற்றவோ அழிக்கவோ முடியாத நிலையில் இருக்க வேண்டும். அதிலிருந்து முழுத் தளத்தையும் ஒருமுறை மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துவையுங்கள். வாடிக்கையாளர்களின் தகவலை வெளியிடுவோம் என்று மிரட்டும் வகைத் தாக்குதலுக்குப் பேக்கப் மருந்தாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்று ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிறது. எதைச் செய்வது?

டொமைன் பதிவுக் கணக்கில் தொடங்குங்கள். அது பறிபோனால் தளம், மின்னஞ்சல், சான்றிதழ் எல்லாமே அதனோடு போகும். ஆகவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு, டொமைனை மாற்றவிடாத பூட்டு மூன்றும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கணக்கோடு இணைந்துள்ள மின்னஞ்சலுக்கும் அதே சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு நிர்வாகப் பக்கத்தில் உள்ள பயனர் பட்டியலைத் திறந்து, வேலையை விட்டுப் போனவர்கள், தளத்தை அமைத்துக் கொடுத்த பழைய நிறுவனம், யாருடையது என்றே தெரியாத "டெஸ்ட்" கணக்கு ஆகியவற்றை முடக்குங்கள். நேரம் மிஞ்சினால், பயன்படுத்தாத பிளக்-இன்களை நீக்கிவிட்டு, மீதமுள்ளவற்றை அப்டேட் செய்யுங்கள்.